2040 மீட்டரில் ரை விளைந்தது எப்படி? சேன்-வெரான் குறித்துச் சில ஐயங்கள்

கேள்வி: நெடும்பாதை

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஜூலை இறுதியில் பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலிய எல்லையை ஒட்டிய கெரா மலைப்பகுதியில் ஐந்து நாட்கள் நடந்தேன். மோன்-தொஃபேன் ரயில் நிலையத்தில் இறங்கி, கில் ஆறு பாறையை அறுத்துச் செல்லும் இடுக்குவழியே பேருந்தில் ஏறிச் சென்று, சேன்-வெரான் என்னும் சிற்றூரில் தங்கினேன். இன்று இருநூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே ஆண்டு முழுவதும் வாழும் ஊர் அது. வெளியூர் வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பதால், உள்ளே நடந்தால் காலடி ஓசையும் மரத்தொட்டிகளில் நீர் விழும் ஓசையும்தான் கேட்கின்றன.

ஊரின் உயரம் ஏறத்தாழ 2040 மீட்டர். ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள ஊர் என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கோழிகள் விண்மீன்களைக் கொத்தித் தின்னும் ஊர் என்று ஒரு சொலவடையும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையை விட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. அங்குள்ள ஒரு பழைய வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதன் மேல்தளத்தில், வெயிலை நோக்கி நீண்டிருந்த மர முகப்பைக் காட்டி, ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் கதிர்களை அறுத்து இங்கேதான் காயவைத்தார்கள் என்றார் வழிகாட்டி. ஆல்ப்ஸின் வெளிவிளிம்பில் 1800 மீட்டரிலேயே மரங்கள் நின்றுவிடுவதைக் கண்ணால் கண்டவன் நான். அப்படியிருக்க, அதற்கு 200 மீட்டருக்கு மேலே, அதுவும் 44 டிகிரி வட அட்சத்தில், தானியம் விளைவித்து ஒரு ஊரே பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது எப்படி? கீழே கில் ஆற்றங்கரையில் சமதளமும் நீரும் இருக்கும்போது, எதற்காக அவ்வளவு உயரம் ஏறினார்கள்?

இன்னும் இரண்டு ஐயங்கள். வீடுகள் ஒரே கொத்தாக இல்லாமல் நான்கைந்து கொத்துகளாக, இடையே வெற்றுப் புல்வெளி விட்டுக் கட்டப்பட்டிருப்பது ஏன்? இரண்டாவது, அந்த வழிகாட்டி "எங்கள் பழைய குடியரசு" என்று ஏதோ சொன்னார். பிரெஞ்சு மன்னராட்சிக் காலத்தில் மலைமேல் ஒரு குடியரசா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: கல்லும்மண்ணும்

நண்பரே, உங்கள் முதல் கேள்விக்கான விடை உயரத்தில் இல்லை. சரிவிலும் பாறையிலும் இருக்கிறது. நான் தொழிலால் நிலவியல் சார்ந்தவன் என்பதால் சற்று நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேன்-வெரான் அமைந்திருப்பது ஏக்-பிளான்ஷ் என்னும் ஓடையின் வலக்கரையில். 'வெண்ணீர்' என்பது அப்பெயரின் பொருள். அந்த ஓடை ஏக்-அன்யெலில் கலந்து, அது கில்லில் கலந்து, கில் துய்ரான்ஸ் ஆற்றில் சேர்கிறது. பள்ளத்தாக்கு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஓடுவதால், வலக்கரைச் சரிவு முழுவதும் தென்மேற்கைப் பார்த்தபடி வெயிலை வாங்கிக்கொள்கிறது. ஆல்ப்ஸ் உழவர்கள் மலையை முதலில் வெயில் சரிவு, நிழல் சரிவு என்றுதான் பிரிப்பார்கள். உயரக் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும். வெயில் சரிவில் வயலும் வீடும், எதிரே நிழல் சரிவில் லார்ச் என்னும் ஊசியிலை மரக்காடும் என்று அந்தப் பள்ளத்தாக்கு நேர்பாதியாக வகிர்ந்து கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து செல்லும்போது, செங்குத்தான தெற்குச் சரிவில் கதிர்கள் ஏறக்குறைய நேராக விழுகின்றன. கீழே இடுக்கான ஆற்றங்கரையிலோ பல மணி நேரம் மலைநிழல் கவிந்திருக்கும். கனமான குளிர்காற்றும் இரவில் சரிந்து வந்து பள்ளத்தில்தான் தேங்கும். எனவே நீங்கள் குறிப்பிடும் ஆற்றங்கரைச் சமதளம் தொலைவிலிருந்து பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்கு வாழ்வதற்கு ஏற்ற இடம் அன்று. அங்கே வேறோர் ஆபத்தும் உண்டு. 1957 ஜூனில் இத்தாலியப் பக்கத்திலிருந்து வந்த ஈரக்காற்று உருகும் பனியின்மேல் பெருமழையைக் கொட்டியபோது, கில் ஆறு பெருக்கெடுத்துச் சாலைகளையும் பாலங்களையும் அடித்துச் சென்று, கீழூர்கள் பலவற்றைச் சேற்றிலும் கல்லிலும் புதைத்தது. மேட்டில் ஊர் கட்டிய முன்னோர்களின் கணக்கு அன்று மெய்யானது.

அடுத்து, ஆல்ப்ஸின் வெளிவிளிம்பை நீங்கள் அளவுகோலாகக் கொண்டதுதான் குழப்பத்திற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் வெளி மலைத்தொடர்களிலேயே பெரும்பாலும் வடிந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் கெராவுக்கு வறண்ட காற்றும் தெளிந்த வானமும்தான் மிச்சம். தவிரவும், உயர்ந்த மலைகள் நெருக்கமாகத் திரண்டிருக்கும் உட்பகுதியில் அந்த மலைத்திரளே வெயிலில் சூடேறித் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் சூடாக்குகிறது. இதனால் அதே உயரத்திலுள்ள தனிமலையை விட இங்கே கோடை வெப்பம் கூடுதல். மரங்களின் மேலெல்லை இங்கே 2300 மீட்டரையும் தாண்டுகிறது. மரம் ஏறும் இடம்வரை, சற்றுத் தாழ்வாக, தானியமும் ஏறும்.

இனி பாறைக்கு வருகிறேன். உங்கள் காலடியில் கிடந்த பளபளப்பான, ஏடு ஏடாக உரியும் சாம்பல்நிறக் கல்லைக் கவனித்தீர்களா? ஜுராசிக் காலத்தில் ஐரோப்பாவுக்கும் இத்தாலிய நிலப்பகுதிக்கும் இடையே விரிந்திருந்த, பின்னர் மூடிப்போன ஒரு கடலின் தரையில் படிந்த சேறுதான் அது. அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறி இந்த ஏட்டுப் பாறையாயிற்று. இது எளிதில் சிதைந்து, ஆழமான, நீரைப் பிடித்துவைக்கும் மண்ணாக மாறுகிறது. மலையும் செங்குத்துப் பாறைச்சுவராக நிற்காமல், அகன்ற மெத்தென்ற சரிவாகச் சாய்கிறது. சுண்ணாம்புப் பாறையோ கருங்கல்லோ நிற்கும் அண்டைப் பள்ளத்தாக்குகளில் 2000 மீட்டரில் உழுவதற்கு மண்ணே இல்லை. சேன்-வெரானை உண்டாக்கியதில் எந்தத் துறவிக்கும் மன்னனுக்கும் இருக்கும் பங்கை விட இந்தக் கடற்சேற்றின் பங்கு பெரிது என்பேன்.

அதே கடல்தரையின் இன்னொரு துண்டும் அங்கே இருக்கிறது. சேறு மட்டுமன்றி, கடலடியில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பச்சைப் பாறைகளும் மலைக்குள் சிக்கியிருக்கின்றன. ஊருக்கு மேலே குளோசி என்னுமிடத்தில் பச்சைச் சலவைக்கல் வெட்டியிருக்கிறார்கள். அதற்கும் மேலே, 2400, 2500 மீட்டர் உயரத்தில், வெண்கலக் காலத்தில், அதாவது கி.மு. 2000-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில், செப்புத் தாது தோண்டி அங்கேயே உருக்கியிருக்கிறார்கள் என்பதைத் தொல்லியலாளர்கள் நிறுவியுள்ளனர். இருபதாம் நூற்றாண்டிலும் அதே தாதுப்படுகையில் விட்டுவிட்டுச் சுரங்கப்பணி நடந்தது. எனவே அந்த உயரத்திற்கு முதலில் ஏறியவர்கள் உழவர்கள் அல்லர்; செம்பு தேடியவர்கள்.

மறுமொழி: லியோன்வாசி

'மிக உயரமான ஊர்' என்ற பட்டம் குறித்து மட்டும் ஒரு சிறு திருத்தம். சுவிட்சர்லாந்தின் யூஃப் குடியிருப்பு 2126 மீட்டரில் இருக்கிறது. இத்தாலியில் லிவின்யோவைச் சேர்ந்த திரெபல்லேயும் சேன்-வெரானை விடச் சற்று உயரந்தான். ஆனால் அவை இரண்டும் வேறோர் ஊராட்சியின் உட்கிடைகள். தனக்கென மேயரும் மன்றமும் கொண்ட 'கொம்யூன்' என்ற கணக்கில் பார்த்தால்தான் சேன்-வெரானின் வாதம் நிற்கிறது. காக்கசஸ் மலையை ஐரோப்பாவில் சேர்த்துவிட்டால் அதுவும் நிற்காது; தாகெஸ்தானின் குருஷ் 2500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஊர்க்காரர்களிடம் இதை விளக்க முற்பட வேண்டாம். நான் ஒருமுறை சொல்லிப் பார்த்து, என் காப்பி ஆறிப்போகும்வரை பதில் கேட்க நேர்ந்தது.

மறுமொழி: ஏட்டுச்சுருள்

கல்லும்மண்ணும் ஐயா எழுதியவற்றை முழுதும் ஏற்கிறேன். ஆனால் வெயிலும் மண்ணும் இருந்துவிட்டால் மட்டும் ஊர் நிலைத்துவிடாது. பனி மூடிய ஆறு மாதங்களை ஒருவரை ஒருவர் நம்பித்தான் கடக்க முடியும் என்பதால், அதற்கான ஏற்பாடுகளைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கும் அங்கேதான் விடை இருக்கிறது.

முதலில் வீட்டைப் பாருங்கள். கீழ்த்தளம் கல், மேல்தளம் முழு லார்ச் மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் கொளுவிக் கட்டிய களஞ்சியம். கீழே ஒரே அறையில் ஒருபுறம் குடும்பமும் மறுபுறம் மாடும் ஆடும் குளிர்காலம் முழுவதும் வாழ்ந்தன. கால்நடைகளின் உடற்சூடுதான் அவர்களுக்குக் கணப்பு. மேலே அடைத்து வைத்த வைக்கோலும் உலர்புல்லும் குளிர் இறங்காமல் காக்கும் போர்வை. இந்தக் கூட்டு வாழ்க்கை சேன்-வெரானில் 1970-கள் வரை ஓரிரு வீடுகளில் தொடர்ந்தது. ஊரின் மிகப் பழைய வீடாகக் கருதப்படும் 'சூம்' 1641-இல் கட்டப்பட்டது. நீங்கள் பார்த்த அருங்காட்சியகம் அதுவாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட வீட்டில் தீப்பற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பிசின் கசியும் லார்ச், அதற்குள் உலர்புல், கூரையிலும் மரப்பலகை. ஒரு வீட்டில் எழும் தீ காற்றுள்ள நாளில் ஒரு மணி நேரத்தில் ஊரையே தின்றுவிடும். அதனால்தான் ஊரைக் கொத்துகளாகப் பிரித்து, இடையில் எதுவும் கட்டாமல் வெளி விட்டார்கள். ஃபொரான், வில், பியேர்-பெல், ஷாத்தலே, சற்றுத் தள்ளி ரோ என்று அந்தப் பகுதிகளுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நீரூற்றுத் தொட்டி, தனி ரொட்டி அடுப்பு. அடுப்பு வீட்டுக்குள் இல்லாமல் பொதுவில் இருந்ததற்கும் விறகுச் சிக்கனத்தோடு தீயச்சமும் ஒரு காரணம். நீங்கள் வெற்றுப் புல்வெளி என்று எழுதிய அந்த இடைவெளிதான் அவ்வூரின் மதில்.

'குடியரசு' என்பது பிற்காலத்தார் அன்போடு இட்ட பெயர். தொஃபினே என்னும் அந்த நாட்டின் கடைசி ஆட்சியாளரான இரண்டாம் உம்பேர் எந்நேரமும் பணமுடையில் இருந்தவர். 1343 மே மாதத்தில், பிரியான்சோனைச் சுற்றியிருந்த மலையூர்கள் அவரிடமிருந்து தம் உரிமைகளை விலைகொடுத்து வாங்கின: கையோடு 12,000 பொன் ஃபுளோரின்கள், அதன்பின் ஆண்டுதோறும் 4,000 தூக்காட்கள். பதிலுக்கு நிலப்பிரபுத்துவக் கடமைகள் நீங்கின. யாருடைய அனுமதியுமின்றிக் கூடவும், தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கவும், காட்டையும் நீரையும் தாமே நிர்வகிக்கவும் உரிமை கிடைத்தது. ஆறே ஆண்டுகளில், 1349-இல், உம்பேர் தன் நாட்டையே பிரெஞ்சு அரச குடும்பத்திற்குக் கொடுத்துவிட்டார். ஆயினும் மலையூர்களின் சாசனத்தை அடுத்தடுத்து வந்த பிரெஞ்சு மன்னர்கள் உறுதிசெய்தபடியே இருந்தார்கள். எல்லைக் கணவாய்களில் விசுவாசமான மக்கள் இருப்பது அவர்களுக்கும் தேவையாயிருந்தது.

இந்த ஊர்த்தொகுதிகளுக்கு 'எஸ்கார்த்தோன்' என்று பெயர். பங்கிடுதல் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது அது; பங்கிடப்பட்டது வரி. இவ்வளவு தொகை என்று மேலிருந்து வரும் சுமையை எந்த ஊர் எவ்வளவு ஏற்பது என்பதை அவர்களே கூடித் தீர்மானித்தார்கள். பிரியான்சோன், கெரா, ஊல்ஸ், பிரஜெலாத்தோ, காஸ்தல்தெல்ஃபீனோ என ஐந்து எஸ்கார்த்தோன்கள் இருந்தன. கெராவில் அடங்கிய ஏழு ஊர்களில் சேன்-வெரான் ஒன்று. கெராவின் ஆவணங்களை வைத்திருந்த அலமாரி ஒன்று வில்-வியேய் என்னுமிடத்தில் இன்றும் இருக்கிறது. அதற்கு எட்டுப் பூட்டுகள். ஏழு ஊர்களின் பிரதிநிதிகளும் தத்தம் சாவியோடு வந்து, எட்டாவது சாவியும் சேர்ந்தாலன்றி ஒரு தாளைக்கூட வெளியே எடுக்க முடியாது. அந்த அலமாரியைப் பார்த்தால், அம்மக்கள் அண்டை ஊரார் மீது வைத்திருந்த நம்பிக்கையும் வைக்காத நம்பிக்கையும் ஒருங்கே விளங்கும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய அடி 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையால் விழுந்தது. நீர் எப்பக்கம் வடிகிறதோ அதுவே எல்லை என்று முடிவாகி, கிழக்கே வடியும் மூன்று எஸ்கார்த்தோன்கள் சவோய் அரசுக்குப் போயின. சேன்-வெரானுக்கு மேலே அன்யெல் கணவாயைத் தாண்டினால் காஸ்தல்தெல்ஃபீனோவின் பள்ளத்தாக்கு. அதுவரை பெண் கொடுத்து, பெண் எடுத்து, உப்பும் கால்நடையும் மாற்றிக்கொண்டிருந்த பக்கத்து ஊர் ஒரே கையெழுத்தில் வெளிநாடாயிற்று. எஞ்சிய இரண்டின் சிறப்புரிமைகளும் 1789 ஆகஸ்ட் 4 இரவு பாரிசில் எல்லாச் சிறப்புரிமைகளும் ஒழிக்கப்பட்டபோது சேர்ந்தே மறைந்தன. நிலப்பிரபுக்களின் சலுகைகளை ஒழித்த அதே தீர்மானம், நிலப்பிரபுவிடமிருந்து விலைகொடுத்து மீட்ட விடுதலையையும் சலுகைக் கணக்கில் எழுதிவிட்டது. எனக்கு அந்த வரலாற்றில் இன்றும் உறுத்தும் இடம் அது.

சமயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஊரில் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றும், புராட்டஸ்டன்டுகளின் தொழுகைக்கூடம் ஒன்றும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். கெராவில் சீர்திருத்த சமயம் ஆழ வேரூன்றியிருந்தது. புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த நாந்து ஆணையை 1685-இல் பதினான்காம் லூயி திரும்பப் பெற்றபோது பலர் நாட்டை விட்டே போனார்கள். சிலர் வெளியே கத்தோலிக்கராகவும் வீட்டுக்குள் பழையபடியும் வாழ்ந்தார்கள். 1787-க்குப் பிறகே அவர்கள் மீண்டும் வெளிப்பட முடிந்தது.

நெடும்பாதை (கேள்வி கேட்டவர்)

எதிர்பார்த்ததை விட மிகுதியாகக் கிடைத்துவிட்டது, மூவருக்கும் நன்றி. இருந்தாலும் ரையைப் பற்றிய ஒரு முடிச்சு அவிழவில்லை. அங்கே ஜூன் வரை பனி கிடக்கிறது, அக்டோபரில் மறுபடியும் விழுகிறது என்றால், இடைப்பட்ட நான்கு மாதத்தில் ஒரு தானியம் எப்படி முற்றும்?

இன்னொன்று. வீட்டுச் சுவர்களில் அழகான சூரியக் கடிகாரங்கள் தீட்டியிருந்தார்கள். ஒரு நண்பகலில் என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். சுவர் பன்னிரண்டைத் தொட்டபோது என் கையில் மணி ஒன்றே முக்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய ஓவியம் என்பதால் கோணம் பிசகிவிட்டதா?

மறுமொழி: லியோன்வாசி

ரைக்கு நான்கு மாதம் போதாது என்பது சரிதான். அங்கே அது ஏறத்தாழ பதின்மூன்று, பதினான்கு மாதப் பயிர். ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ விதைப்பார்கள். பனி விழுமுன் முளைத்து வேர் பிடிக்கும். பனிப்போர்வைக்கு அடியில் குளிர்காலம் முழுவதும் உறங்கும். அடுத்த கோடையில் எழுந்து, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அறுவடைக்கு வரும்.

இதிலிருந்து வரும் சிக்கலைக் கவனியுங்கள். இந்த ஆண்டின் கதிரை அறுக்கும் முன்பே அடுத்த ஆண்டுக்கான விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஆகவே ஒரே வயலில் ஆண்டுதோறும் விதைக்க வழியில்லை. ஒரு துண்டில் பயிர் நிற்கும்போது இன்னொரு துண்டு தரிசாகக் கிடந்து விதைக்குக் காத்திருக்கும். விதையும் சென்ற ஆண்டு அறுத்ததிலிருந்து ஓராண்டு சேமித்து வைத்ததாகவே இருக்க வேண்டும். ஓர் அறுவடை பொய்த்தால் அடி இரண்டு ஆண்டுகளுக்கு விழும் என்பதால், பஞ்சத்திலும் விதைத் தானியத்தில் கை வைக்க அஞ்சினார்கள்.

முழுதும் முற்றும்வரை வயலில் விட்டுவைக்கவும் முடியாது, முதற்பனி முந்திக்கொள்ளும். எனவே சற்றுப் பச்சையாகவே அறுத்து, நீங்கள் பார்த்த அந்தத் தெற்கு நோக்கிய மர முகப்புகளில் கதிர்க்கட்டுகளை அடுக்கி, வெயிலிலும் காற்றிலும் அங்கேயே முற்ற விட்டார்கள். அழகுக்காகக் கட்டிய உப்பரிகை என்று பயணிகள் படம் பிடிக்கும் அந்த முகப்பு, உண்மையில் வயலின் கடைசி மாதத்தை வீட்டின்மேல் தூக்கி வைத்த இடம். எல்லா வீடுகளும் ஒரே திசை பார்த்து, ஒன்றின் நிழல் மற்றொன்றின் முகப்பில் விழாதபடி வரிசை கட்டி நிற்பதற்கும் அதுவே காரணம்.

ரொட்டி சுடுவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும் முன். பொது அடுப்பைச் சூடேற்றப் பெரும் விறகு வேண்டும் என்பதால் வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தொடர்ச்சியாகச் சுட்டு முடித்துவிடுவார்கள். பின்னர் அந்த ரொட்டிகள் களஞ்சியத்தில் காய்ந்து கல்லாகிவிடும். அதை அறுக்க, ஒரு முனையைப் பலகையில் வளையத்தால் பிணைத்த நீண்ட கத்தி வைத்திருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்து உடல் எடையோடு அழுத்தினால் துண்டு தெறிக்கும். அதைச் சூப்பில் ஊறவைத்துத்தான் தின்ன முடியும்.

இவ்வளவு சிக்கனத்திலும் பிள்ளைகளின் படிப்பை விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லை. மாட்டோடு ஓர் அறையில் அடைந்திருக்கும் அந்த மாதங்களில்தான் பள்ளி. பிரியான்சோன், கெரா மலையூர்களிலிருந்து எழுத்தறிந்த ஆண்கள் இலையுதிர் காலத்தில் தாழ்நிலச் சந்தைகளுக்கு இறங்கி, தொப்பியில் இறகு செருகி நிற்பார்கள். ஓர் இறகு என்றால் வாசிக்கவும் எழுதவும் கற்பிப்பவர். இரண்டு என்றால் கணக்கும் தெரியும். மூன்று என்றால் இலத்தீனும் வரும். வசந்தத்தில் ஊர் திரும்பி மறுபடியும் ஏர் பிடிப்பார்கள். ஊராட்சிக் கூட்டத்தில் ஆவணத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இருந்த மக்களுக்கு எழுத்து ஓர் ஆடம்பரமாக இருக்க முடியாது. ஏட்டுச்சுருள் குறிப்பிட்ட எட்டுப் பூட்டு அலமாரிக்கும் இந்த மூன்று இறகுக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம்.

மறுமொழி: கல்லும்மண்ணும்

சூரியக் கடிகாரத்தில் பிசகு ஏதுமில்லை, நண்பரே. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சேன்-வெரான் கிரீனிச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 6.9 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம், அங்கே சூரிய நேரம் கிரீனிச்சை விட 28 நிமிடம் முந்தியது. ஆனால் பிரான்சில் கோடையில் கைக்கடிகாரங்கள் கிரீனிச்சை விட இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகின்றன. இரண்டுக்கும் இடைவெளி 1 மணி 32 நிமிடம். அதோடு, பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக உச்சிக்கு வருவதில்லை. ஜூலை இறுதியில் ஆறு நிமிடத்திற்கு மேல் பிந்தி வரும். ஆக, உங்கள் கையில் சுமார் 1.38 ஆகும்போதுதான் அந்தச் சுவரில் உண்மையான நண்பகல். நீங்கள் எழுதியதும் அதுவே.

அந்த ஓவியங்களில் பலவற்றைத் தீட்டியவர் ஸார்புலா என்னும் பீட்மான்ட் நாட்டுக் கலைஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எல்லை தாண்டி வந்து, கெராவிலும் பிரியான்சோன் பகுதியிலும் ஊர் ஊராக நடந்து, கேட்டவர் வீட்டுச் சுவரிலும் தேவாலயச் சுவரிலும் தீட்டிக் கொடுத்தார். வீட்டுச் சுவர் நேர்த்தெற்காக அமைவது அரிது; சற்றுக் கிழக்கே அல்லது மேற்கே திரும்பியிருக்கும். அந்தத் திருப்பத்தை அளந்து, அதற்கேற்ப மணிக்கோடுகளைச் சாய்த்து வரைந்தால்தான் நிழல் பொய் சொல்லாது. அடுத்தமுறை போனால் பன்னிரண்டாம் மணிக்கோட்டை மட்டும் பாருங்கள். சுவர் எப்படித் திரும்பியிருந்தாலும் அது ஒன்றுதான் நேர்குத்தாக நிற்கும், மற்றவை சுவருக்குச் சுவர் மாறும்.

வெயிலை நாள் முழுவதும் சுவரில் எழுதிவைத்த அதே ஊருக்கு மேலே, ஷாத்தோ-ரெனார் சிகரத்தை ஒட்டி 2900 மீட்டருக்கு மேல், பாரிஸ் வானாய்வகம் 1974-இல் சூரியனின் ஒளிவளையத்தை ஆராய ஒரு கூடம் அமைத்தது. வறண்ட காற்று, தெளிந்த வானம், தூசின்மை என்று அவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணங்கள் ரை விதைத்தவர்களுக்கு வாய்த்தவையே. இப்போது அங்கே 62 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு வானியல் ஆர்வலர்கள் முறைபோட்டு இரவு தங்குகிறார்கள். நடந்தும் ஏறலாம், குளோசிச் செப்புச் சுரங்கத்தையும் பார்த்துவிட்டுப் போவதானால் விடியலிலேயே கிளம்புங்கள், பிற்பகலில் இத்தாலியப் பக்கத்திலிருந்து மூடுபனி கணவாய் ஏறி வந்துவிடும்.